வீட்டுக்கு எத்தனை லிட்டர்? வரம்பு வகுக்கத் திணறும் நகரங்கள்

புது தில்லி: கோடை தொடங்கியதும் தலைநகரில் ஆண்டுதோறும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. யமுனையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது முதல் கேள்வி. வந்த தண்ணீரில் ஒரு வீடு எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்காக மாநில அரசுகள் மோதிக்கொள்கின்றன, வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை செல்கின்றன, உண்ணாவிரதங்கள் நடக்கின்றன. இரண்டாவது கேள்வியை வாக்காளர் முன்னிலையில் எழுப்பும் துணிவு எந்தக் கட்சிக்கும் எளிதில் வருவதில்லை.

ஆயினும், பற்றாக்குறை முற்றும்போது அந்த இரண்டாவது கேள்வியைத் தவிர்க்க இயலாது. தில்லி, பெங்களூரு, சிம்லா ஆகிய நகரங்கள் கடந்த பத்தாண்டுகளில் இதை நேரடியாகச் சந்தித்தன. ஒரு நகரம் இலவசத்தின் வழியாக வரம்பு வகுத்தது. மற்றொன்று அபராதத்தின் வழியாக வகுத்தது. இன்னொன்று முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிட்டது. மூன்று வழிகளிலும் பலன் கண்டவர் உண்டு; எந்த வழியிலும் கணக்கில் சேராமல் விடுபட்டவரும் உண்டு.

2024-ஆம் ஆண்டுக் கோடை

தில்லியில் கடும் அனல் வீசிய 2024 மே மாத இறுதியில், அப்போதைய குடிநீர்த் துறை அமைச்சர் ஆதிஷி இரண்டு அறிவிப்புகளை வெளியிட்டார். நாளொன்றுக்கு இருமுறை தண்ணீர் பெறும் பகுதிகளில் இனி ஒருமுறை மட்டுமே விநியோகம் நடைபெறும். மிச்சப்படும் தண்ணீர், கால் மணி நேரமே குழாய் வரும் பகுதிகளுக்குத் திருப்பிவிடப்படும் என்பது முதலாவது. குழாய்நீரை நேரடியாகப் பீய்ச்சி வாகனம் கழுவினாலோ, மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தாலோ, வீட்டு இணைப்பின் நீரைக் கட்டுமானத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தினாலோ ரூ. 2,000 அபராதம் என்பது இரண்டாவது. இதைக் கண்காணிக்க 200 குழுக்கள் அமைக்கப்பட்டன.

அதே வேளையில் உச்ச நீதிமன்றத்தையும் தில்லி அரசு அணுகியது. ஹிமாசலப் பிரதேசம் தன் உபரியிலிருந்து 137 கன அடி நீரைத் திறந்துவிட வேண்டும் என்றும், அது ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து வஜீராபாத் வரை தடையின்றி வந்து சேர ஹரியாணா உதவ வேண்டும் என்றும் நீதிபதிகள் பிரசாந்த் குமார் மிஸ்ரா, கே.வி. விஸ்வநாதன் அடங்கிய அமர்வு ஜூன் 6-இல் உத்தரவிட்டது. ஒரே வாரத்தில், தன்னிடம் உபரி நீர் இல்லை என்று ஹிமாசலம் பின்வாங்கியது. மேல் யமுனை நதி வாரியத்தை அணுகுமாறு தில்லிக்கு அறிவுறுத்தி நீதிமன்றம் விலகிக்கொண்டது. தண்ணீர் லாரிக் கும்பல்கள் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்ற கேள்வியையும் உச்ச நீதிமன்றம் தில்லி அரசிடம் எழுப்பியது.

அதன்பின் நடந்தது அரசியல். பாஜகவினர் வீதிகளில் பானைகளை உடைத்துப் போராடினர். நாளொன்றுக்கு 61.3 கோடி கேலன் தர வேண்டிய ஹரியாணா 10 கோடி கேலனைக் குறைத்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டி ஜூன் 21-இல் ஆதிஷி காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினார். உடல்நிலை மோசமானதால் 25-ஆம் தேதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குற்றச்சாட்டை ஹரியாணா மறுத்தது. பின்னர் மழை வந்தது, சர்ச்சை ஓய்ந்தது. வீட்டு உபயோகத்துக்கான வரம்பு குறித்த விவாதமும் அத்துடன் நின்றுபோனது.

இலவசமே வரம்பான கதை

உண்மையில் தில்லியில் வீட்டுக்கான வரம்பு என்று ஒன்று பல ஆண்டுகளாகவே நடைமுறையில் இருக்கிறது. அதை யாரும் வரம்பு என்று அழைப்பதில்லை. இலவசத் தண்ணீர் என்றே அழைக்கின்றனர்.

2013 டிசம்பரில் முதல்முறையாக ஆட்சிக்கு வந்த அரவிந்த் கேஜரிவால் அரசு, மீட்டர் பொருத்திய இணைப்பு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 20,000 லிட்டர் வரை கட்டணமில்லை என்று அறிவித்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 667 லிட்டர். 49 நாள்களில் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. 2015-இல் பெரும் வெற்றியுடன் மீண்டும் பதவியேற்ற பின், அவ்வாண்டு மார்ச் 1 முதல் திட்டம் திரும்பவும் அமலானது.

இத்திட்டத்தின் கூர்மையான பகுதி அதன் நிபந்தனையில் உள்ளது. 20,000 லிட்டரைத் தாண்டினால், கூடுதலாகச் செலவான தண்ணீருக்கு மட்டுமன்றி முழு அளவுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும். 2018 பிப்ரவரியில் அமலான கட்டண விகிதத்தின்படி, முதல் 20,000 லிட்டருக்கு ஆயிரம் லிட்டருக்கு ரூ. 5.27; அதற்கு மேல் 30,000 வரை ரூ. 26.36, அதையும் தாண்டினால் ரூ. 43.93. இவற்றுடன் கழிவுநீர்க் கட்டணமும் மாதச் சேவைக் கட்டணமும் சேரும். 20,000 லிட்டர் செலவிட்ட வீட்டின் ரசீது சுழியம். 21,000 லிட்டர் செலவிட்ட வீட்டின் ரசீது ரூ. 400-ஐத் தாண்டும். ஆயிரம் லிட்டர் வித்தியாசத்தில் இந்தச் செங்குத்தான ஏற்றம் நிகழ்கிறது.

சேமிப்பவருக்குப் பரிசு, மீறுபவருக்குச் சுமை என்று ஆதரவாளர்கள் இதை விளக்கினர். மீட்டர் பொருத்தினால்தான் இலவசம் என்பதால், பழுதான மீட்டரோடும் மீட்டரே இன்றியும் காலம் தள்ளிய பலர் தாமாகவே மீட்டர் பொருத்த முன்வந்ததும் இதன் பயனே. விலையில்லாப் பொருளை எவர் மிச்சப்படுத்துவார் என்பது எதிர்த்தரப்பின் வாதம். மாதம் 8,000 லிட்டரில் குடும்பம் நடத்துபவரும் 19,000 லிட்டர் செலவிடுபவரும் ஒரே சுழிய ரசீதைப் பெறும்போது, 8,000 லிட்டர்க்காரர் தன் சிக்கனத்துக்கு எதையும் பெறுவதில்லை. பொருள்படைத்த இருவர் வாழும் வீட்டுக்கும் பொதுப் பணத்திலிருந்தே மானியம் செல்கிறது.

2025 பிப்ரவரித் தேர்தலில் ஆட்சி பாஜகவிடம் சென்றது. நடைமுறையில் உள்ள மக்கள்நலத் திட்டங்கள் எதுவும் நிறுத்தப்படாது என்று அக்கட்சி பிரசாரத்தின்போதே உறுதியளிக்க வேண்டியிருந்தது. ஒருமுறை வழங்கிய 20,000 லிட்டரைக் குறைப்பது எந்தக் கட்சிக்கும் எளிதன்று என்பதை அந்த வாக்குறுதி காட்டியது.

தலையா, வாசலா?

20,000 லிட்டர் என்ற எண் காற்றிலிருந்து வந்ததன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறைப்படி, கழிப்பறையில் நீர்த்தொட்டி வசதியுள்ள நகர்ப்புற வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும். குளியலுக்கு 55, கழிப்பறைக்கு 30, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு சுத்தம் செய்ய 10, சமையலுக்கு 5, குடிக்க 5 என்பது அதன் பிரிவினை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 675 லிட்டர். தில்லியின் 667 லிட்டர் இதை ஒட்டியே நிற்கிறது.

சிக்கல், தண்ணீர் தலைக்கு வேண்டியதாக இருக்க, வரம்பு வாசலுக்கு விதிக்கப்படுவதில் இருக்கிறது. தெற்கு தில்லியின் விசாலமான வீடொன்றில் இருவர் வாழ்ந்தால், கட்டணமின்றி ஒருவருக்கு நாளொன்றுக்கு 333 லிட்டர் கிடைக்கிறது. ஒண்டுக்குடித்தனங்கள் நிறைந்த கட்டடத்தில் ஒரே மீட்டரை நம்பிப் பத்துப் பேர் வாழ்ந்தால், தலைக்கு 67 லிட்டரைத் தாண்டியதும் கட்டணம் தொடங்குகிறது. அந்தக் கட்டணம் வாடகையோடு சேர்ந்து குடியிருப்பவர் தலையில் விழுகிறது. நெருக்கமாக வாழும் ஏழையை வீண்செலவு செய்பவர் பட்டியலில் இக்கணக்கு சேர்த்துவிடுகிறது.

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகராட்சி வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டரை இலவசமாக வழங்கி, அதற்கு மேல் முன்பணம் செலுத்தினால்தான் திறக்கும் மீட்டர்களை சொவேட்டோவின் ஃபிரி பகுதியில் பொருத்தியது. ஒரே மனையில் பல குடும்பங்கள் வாழும் இடத்தில் இந்த அளவு மாத நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது என்று குடியிருப்போர் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் தலைக்கு 50 லிட்டர் என்றது; மேல்முறையீட்டு நீதிமன்றம் 42 லிட்டர் என்றது. ஆனால், அளவை நிர்ணயிப்பது அரசின் பணி, நீதிமன்றத்தின் பணியன்று என்று 2009 அக்டோபரில் அந்நாட்டு அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் எத்தனை பேர் என்று தெரியாமல் வகுக்கப்படும் வரம்பு யாரைக் காயப்படுத்தும் என்பதற்கு அவ்வழக்கு இன்றளவும் சான்றாக நிற்கிறது.

மீட்டர் எட்டாத வீதிகள்

தில்லியில் வரம்பு குறித்த விவாதம் முழுவதும் குழாயும் மீட்டரும் உள்ளவர்களைப் பற்றியதாகவே இருக்கிறது. அவ்விரண்டும் இல்லாதவர்க்கு வரம்பு வேறு வடிவில் முன்னரே விதிக்கப்பட்டுவிட்டது. அந்த வடிவத்தின் பெயர் டேங்கர் லாரி.

தில்லி குடிநீர் வாரியத்தைப் பற்றி 2013-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, நகரின் ஏறக்குறைய கால் பங்கினர் லாரித் தண்ணீரை நம்பியிருந்ததையும், அவர்களுக்கு நாளொன்றுக்குத் தலைக்குச் சராசரியாக 3.82 லிட்டரே கிடைத்ததையும் பதிவு செய்தது. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமே 10 லிட்டர் வேண்டும் என்கிறது தர நிர்ணய நெறிமுறை. அதன் பிறகு அங்கீகாரமற்ற குடியிருப்புகள் பலவற்றுக்குக் குழாய்கள் நீட்டிக்கப்பட்டன. ஆனால் குழாய் வந்த இடமெல்லாம் தண்ணீர் வந்துவிடவில்லை. வெளிநாட்டுத் தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியின் ஓரத்திலேயே உள்ள விவேகானந்தர் முகாமில், 2024 கோடையில் லாரியின் மீதேறிக் குழாய்களைச் செருகிப் பெண்களும் சிறுவர்களும் தண்ணீர் பிடித்த படங்கள் நாடெங்கும் வெளியாயின.

இங்கு வரம்பை நிர்ணயிப்பது சட்டமன்றம் அன்று. லாரி வரும் நேரமும், குழாயின் முனையைக் கைப்பற்றும் வலிமையும், வீட்டிலுள்ள கேன்களின் எண்ணிக்கையுமே. லாரிக்காகக் காத்திருப்பவர் அன்றைய கூலியை இழக்கிறார். பெரும்பாலும் அவர் பெண்ணாகவோ பள்ளி செல்ல வேண்டிய பிள்ளையாகவோ இருக்கிறார். 20,000 லிட்டர் இலவசம் என்ற அறிவிப்பு அவ்வீதியை எட்டுவதில்லை. ஏனெனில் அச்சலுகைக்கு முதல் தகுதி மீட்டர்.

மறுமுனையிலும் மீட்டர் எட்டாத வீடுகள் உண்டு. சொந்த ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர், வாரியத்தின் மீட்டர் 20,000 லிட்டரைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, தோட்டத்துக்கும் வாகனத்துக்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொள்ள முடியும். குடிநீரையோ நிலத்தடி நீரையோ வீணாக்குவதைத் தடைசெய்து மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2020 அக்டோபர் 8-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உத்தரவு பிறப்பித்தது. ஆனால் வீட்டு வளாகத்துக்குள் இறைக்கப்படும் நீரை அளப்பது யார் என்பதில்தான் அந்த உத்தரவின் பலம் அடங்கியுள்ளது.

நேரம் என்னும் மறைமுக வரம்பு

இந்திய நகரங்களில் மிகப் பரவலாக உள்ள வரம்பு லிட்டரில் இல்லை. மணி நேரத்தில் உள்ளது. காலையில் ஒரு மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் இருமுறை என்று தண்ணீர் திறந்துவிடுவதே அந்த வரம்பு. மேலோட்டமாகப் பார்த்தால் இது சமத்துவமாகத் தோன்றுகிறது. நடைமுறையில் அவ்வாறில்லை. தரைத்தொட்டியும் மோட்டாரும் மாடியில் பெரிய தொட்டியும் உள்ள வீடு, அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு நாளைக்கான நீரை இழுத்துக்கொள்கிறது. இரண்டு பிளாஸ்டிக் குடங்களும் ஒரு தொட்டியும் மட்டுமே உள்ள வீடு அவற்றை நிரப்பியதும் நின்றுவிடுகிறது. குழாய்த் தொடரின் கடைசியில் இருப்பவருக்கு அழுத்தம் குறைந்து காற்றே வருகிறது.

முறைவைத்து வழங்குவதை நேர்மையாகச் செய்ய முடியும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டில் சிம்லா ஓர் உதாரணம் தந்தது. நாளொன்றுக்கு 4 கோடி லிட்டருக்கு மேல் தேவைப்படும் அந்நகருக்கு அவ்வாண்டு மே மாத இறுதியில் அதில் பாதி அளவே கிடைத்தது. நகரம் மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடப்பட்டது. ஹிமாசல உயர் நீதிமன்றம் தாமாகவே தலையிட்டது. கட்டுமானப் பணிகளையும் வாகனம் கழுவுவதையும் ஒரு வாரம் தடைசெய்தது. நீதிபதிகள், அமைச்சர்கள், அதிகாரிகள் உள்ளிட்ட எந்தத் தனிநபருக்கும் டேங்கர் லாரி அனுப்பக் கூடாது என்றும், ஆளுநர், முதல்வர் இல்லங்களுக்கு மட்டுமே விலக்கு என்றும் உத்தரவிட்டது. நகரின் புகழ்பெற்ற கோடை விழா தள்ளிவைக்கப்பட்டது.

தில்லியிலும் இதுபோன்ற ஒரு தருணம் வந்தது. 2016 பிப்ரவரியில் ஹரியாணாவில் நடந்த ஜாட் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது, தலைநகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் முனக் கால்வாய் போராட்டக்காரர்களால் சேதப்படுத்தப்பட்டது. ராணுவம் சென்று கால்வாயை மீட்டது. நீர்சுத்திகரிப்பு நிலையங்கள் அடுத்தடுத்து நின்றுபோக, பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி, பாதுகாப்புத் துறை அமைப்புகள், மருத்துவமனைகள், தீயணைப்பு நிலையங்கள் தவிர மற்ற அனைவருக்கும் சமமாகவே தண்ணீர் பங்கிடப்படும் என்று கேஜரிவால் அறிவித்தார். விலக்குப் பட்டியல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டதால், தன் அண்டைவீட்டாருக்கு ரகசியச் சலுகை உண்டோ என்ற ஐயத்துக்கு அப்போது இடம் குறைந்தது.

பெங்களூரும் காவிரியும்

2024 மார்ச்சில் பெங்களூரு வேறு வழியைத் தேர்ந்தது. நகரின் 13,900 அரசு ஆழ்குழாய்க் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக கர்நாடகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தெரிவித்தார். வாகனம் கழுவ, தோட்டத்துக்கு, கட்டுமானத்துக்கு, அலங்கார நீரூற்றுகளுக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் ரூ. 5,000 அபராதம், மீண்டும் செய்தால் அதனுடன் நாளொன்றுக்கு ரூ. 500 என்று பெங்களூரு குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. அடுத்த இரு வாரங்களில் 22 வீட்டாரிடம் ரூ. 1.1 லட்சம் வசூலாயிற்று. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரில் இந்த எண்ணிக்கை மிகச் சிறியது. எனினும் செய்தியாகப் பரவி அது அச்சத்தை ஏற்படுத்தியது.

அபராதத்தைவிடப் பயன்தரத்தக்க நடவடிக்கைகள் வேறிரண்டு. மாதம் பல லட்சம் லிட்டர் வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கு விநியோகம் குறைக்கப்பட்டது. வணிக வளாகங்களிலும் உணவகங்களிலும் குழாய் முனையில் நீரோட்டத்தைக் குறைக்கும் 'ஏரேட்டர்' பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டது. தனியார் லாரிகளுக்கும் விலை நிர்ணயிக்கப்பட்டது: 5 கிலோ மீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு ரூ. 600. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் தாமே விதிகள் வகுத்துக்கொண்டன. எத்தனை மணிக்குக் குழாய் திறப்பது, மீறினால் எவ்வளவு அபராதம் என்று அரசு தயங்கியதைக் குடியிருப்போரே தீர்மானித்தனர்.

பெங்களூரின் வீட்டு உபயோகம் தமிழகத்துக்கு அந்நியமான விஷயம் அன்று. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தமிழகத்துக்குரிய பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரு மக்களின் குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. நகரின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று நடுவர் மன்றம் 2007-இல் போட்ட கணக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. குடிநீரே முதல் தேவை என்றது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது.

குடிநீர் என்ற பெயரால் வயலிலிருந்து நகருக்குத் தண்ணீர் மாறும்போது, நகரம் அதை எப்படிச் செலவிடுகிறது என்று கேட்கும் உரிமை கடைமடை விவசாயிக்கும் உண்டு. குடிக்கவும் குளிக்கவும் செலவாகும் நீருக்கு எவரும் ஆட்சேபம் தெரிவிக்க மாட்டார்கள். வாகனம் கழுவும் நீரும் குடிநீர்க் கணக்கில் சேருமானால் ஆட்சேபம் நியாயமானதே.

கசியும் பாதி

வீடுகளுக்கு வரம்பு வகுக்கும் அரசு, தன் குழாய்களுக்கும் வரம்பு வகுக்க வேண்டும் என்பது தில்லியின் எண்களிலிருந்து தெளிவாகிறது. நகரின் தேவை நாளொன்றுக்கு 129 கோடி கேலன் என்றும், உற்பத்தி ஏறக்குறைய 100 கோடி கேலன் என்றும் தில்லி அரசின் பொருளாதார ஆய்வறிக்கைகள் கூறிவந்துள்ளன. தேவைக்கான கணக்கு, தலைக்கு 60 கேலன், அதாவது 270 லிட்டருக்கு மேல் என்ற தாராளமான அடிப்படையில் போடப்பட்டது. வீடுகளின் தேவையோடு தொழில், வணிகம், தீயணைப்பு முதலியனவும் அதில் அடக்கம்.

100 கோடி கேலன் என்பது ஏறக்குறைய 455 கோடி லிட்டர். இதே கணக்கு எடுத்துக்கொண்ட 2.15 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 210 லிட்டர். எண்ணளவில் பற்றாக்குறையே இல்லை. ஆனால் சுத்திகரிக்கப்பட்ட நீரில் சுமார் பாதி கசிவிலும் திருட்டிலும் கணக்கில் வராத விநியோகத்திலும் மறைந்துவிடுகிறது. பாதியைக் கழித்தால் எஞ்சுவது தலைக்கு 105 லிட்டர். அதுவும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. வாகனம் கழுவிய குடிமகனிடம் ரூ. 2,000 வசூலிக்கும் குழுவின் காலடியிலேயே வாரியத்தின் பழைய குழாய் கசிந்துகொண்டிருந்தால், அந்த அபராதத்துக்குத் தார்மீக பலம் இருக்காது.

மீட்டரின் மீதான நம்பிக்கையும் குலைந்துள்ளது. வாரியத்தின் 27 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் 11 லட்சத்துக்கும் மேல் நிலுவை வைத்திருப்பதாகவும், பலரது ரசீதுகள் தவறானவை என்று தகராறு உள்ளதாகவும் 2023-இல் தில்லி அரசே கூறி, சமரசத் திட்டம் ஒன்றை முன்வைத்தது. வீட்டுக்கு வராமலேயே எழுதப்பட்ட மீட்டர் அளவுகள் குறித்த புகார்கள் அதன் பின்னணி. அளவு தவறானால் வரம்பும் தவறாகிறது.

யமுனையின் பங்கும் நிலையானதன்று. 1994 மே 12-இல் ஐந்து மாநிலங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1,198.3 கோடி கன மீட்டரில் தில்லிக்கு 72.4 கோடி கன மீட்டரை, அதாவது 6 சதவீதத்தை ஒதுக்கியது. 2025-ஆம் ஆண்டுக்குப் பிறகு ஏதேனும் ஒரு மாநிலம் கோரினால் ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யலாம் என்கிறது அதன் ஷரத்து. கூடுதல் நீர் தரும் என்று காட்டப்படும் ரேணுகா, லக்வார், கிஷாவ் அணைகள் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகின்றன. மறுஆய்வு மேஜையில் அமரும்போது, இருக்கும் நீரை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்ற கேள்விக்குத் தில்லியிடம் பதில் இருக்க வேண்டும்.

வரம்புக்கு வேண்டிய நியாயம்

வரம்பு பலிக்கும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் கேப் டவுன். அணைகள் வறண்டபோது 2018 பிப்ரவரி 1 முதல் தலைக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று அந்நகரம் விதித்தது. குழாய்கள் அடைக்கப்படும் நாள் வந்தால், வரிசையில் நின்று 25 லிட்டரே பெற முடியும் என்று வெளிப்படையாக எச்சரித்தது. நகரின் நுகர்வு மூன்றாண்டுகளில் பாதியாகக் குறைந்தது. மழை வரும்வரை குழாய்கள் அடைபடவில்லை. அணைகளின் இருப்பும் நகரின் அன்றாடச் செலவும் தொடர்ந்து மக்களுக்கு அறிவிக்கப்பட்டன. அங்கும் குடிசைப் பகுதி மக்கள் பொதுக்குழாயிலேயே நின்றனர். அவர்களின் வரம்பு வறட்சிக்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய அதேதான் என்ற விமர்சனமும் எழுந்தது.

இந்த அனுபவங்களை ஒருசேரப் பார்த்தால், வரம்பு நியாயமாக இருக்கச் சில நிபந்தனைகள் தெரிகின்றன. முதலாவது, மேல் வரம்புக்கு முன்பாகக் கீழ் வரம்பு. எவருக்கும் இதற்குக் குறைவாகத் தண்ணீர் செல்லாது என்ற உறுதி லாரியை நம்பும் வீதிக்குக் கிடைக்க வேண்டும். கிராமங்களில் தலைக்கு 55 லிட்டர் தருவதாக 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் உறுதியளிக்கிறது. தலைநகரின் குடிசைப் பகுதிக்கு அந்த அளவேனும் எழுத்தில் வேண்டும். இரண்டாவது, வரம்பு வாசலை மட்டும் பாராமல் தலைகளையும் எண்ண வேண்டும். குடும்ப அட்டைக்கு அரிசியை ஆள்கணக்கில் அளக்கும் நாட்டில், தண்ணீரை அவ்வாறு அளப்பது இயலாத காரியம் அன்று. மூன்றாவது, விலக்குகள் பகிரங்கமாக இருக்க வேண்டும். நான்காவது, வீட்டின் மீட்டரைப் போலவே வாரியத்தின் கசிவும் அளக்கப்பட்டு மாதந்தோறும் வெளியிடப்பட வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது; குடிநீர் வழங்கல் 12-ஆவது அட்டவணையின்படி நகராட்சிகளின் பணிகளுள் ஒன்று. உயிர்வாழும் உரிமையில் குடிநீரும் அடங்கும் என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆனால் எத்தனை லிட்டர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த எண்ணைச் சொல்வது அரசியலின் வேலை. கோடையில் பானை உடைப்பதும் மழையில் மறப்பதும் வழக்கமாகிவிட்ட நிலையில், அந்த எண்ணை மழைக்காலத்திலேயே, ஆறு நிறைந்திருக்கும்போதே பேசி முடிவு செய்யும் நகரமே அடுத்த வறட்சியை அமைதியாகக் கடக்கும். பற்றாக்குறையின் நடுவில் அவசரமாக வகுக்கப்படும் வரம்பு, இதுவரை நடந்ததைப் போலவே, ஏற்கெனவே குறைவாகப் பெறுபவரிடமிருந்தே முதலில் பிடித்தம் செய்யும்.